வெள்ளிக்கிழமைச் சந்தை



இங்கிலாந்தில் நான் இருப்பது ஒரு சிறிய சந்தை நகரம். சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பின்னேரத்தில் பஸ் இல்லை. கார் இல்லாத வயோதிபப் பெண்கள் வீட்டோடுதான். ஆனால் வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஜாம், கேக், முட்டை, பூங்கன்றுகளோடு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919 இல் லூயிஸ் என்ற நகரில் மாதர் சங்கத்தினர் தொடங்கிய முறை இது. வீட்டுத் தோட்டத்தில் மிஞ்சியதை விற்கத்தான் தொடங்கினார்கள். பிறகு அது தனிக் கூட்டுறவாயிற்று. சேர்வதற்கு 5 பென்ஸ் பங்குப்பணம் (ஒரு தேநீருக்கும் காணாது!). எல்லோருடைய பொருளும் ஒரே மேசையில். ஒவ்வொரு போத்தலிலும் செய்தவளின் பெயர். செலவுக்குச் சிறு பங்கைக் கழித்து, மிச்சத்தை அவளிடமே கொடுப்பார்கள். இடைத்தரகருக்கு அங்கே வேலையில்லை. பக்கத்துக் கிராமத்துக் கைம்பெண் ஒருவர், 70 வயது கடந்தவர், அந்தக் காசில்தான் குளிர்காலத்துக்கு விறகு வாங்குகிறார்.