பழஞ்சி மட்டும் வயிற்றைக் காக்காது

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, தனுவச்சபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயிற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே தீர்ப்புதான் வரும்: பழஞ்சி என்கிற நீர்ச்சோறும் மரச்சீனிக் கிழங்கும் தின்ற காலத்தில் யாருக்கும் வயிற்றுவலி இல்லை, புரோட்டா வந்தது, எல்லாம் கெட்டது. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் சுற்றுவதும் இதுதான். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் இந்த மண்ணின் மருத்துவ வரலாறு வேறு கதை சொல்கிறது.

தனுவச்சபுரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நெய்யூர். 1956 நவம்பர் 1 அன்று நெய்யூர் சென்னை மாநிலத்துக்கும் தனுவச்சபுரம் கேரளத்துக்கும் போகும்வரை இரண்டும் ஒரே தென் திருவிதாங்கூர். மொழிக்கணக்கில் எல்லை போட்டார்களே தவிர, இரு பக்கத்துச் சமையலும் மாறவில்லை. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து தெற்கே வந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்து, அங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் போய் 28,000 அடி வரை ஏறிவிட்டுத் திரும்பியவர் அவர். அவர் மேசைக்கு ஓயாமல் வந்த நோய் முன்சிறுகுடல் புண். ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’யில் 1936-இல் அவரும் சக மருத்துவர் ஒருவரும் எழுதிய கட்டுரை, இந்த அல்சர் வந்த 2,500 பேரைப் பற்றியது. அவர்களில் எவரும் பொரித்த கோழியோ மயோனைஸோ கண்டவர்கள் அல்ல.

அன்றைய மருத்துவர்கள் மிளகாய், மரச்சீனி, சத்தில்லாத சாப்பாடு என்று உணவின்மேலேயே சந்தேகப்பட்டார்கள். விடை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வந்தது. 1982-இல் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை இரைப்பையிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை, மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, நெருக்கமாக வாழும் வீடுகளில், வாய் வழியாகத் தொற்றுவது இந்தக் கிருமி. அல்சருக்கு இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. மிளகாய் எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்குவதில்லை. காந்தாரி மிளகாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

ஆகவே தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், குடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் ஓர் இல்லத்தில் தங்கியிருந்த இளைஞர் வயிற்றுப்போக்கில் இறந்தார். தொடர்ந்த பரிசோதனையில் அங்கிருந்த வேறு சிலருக்குக் காலரா உறுதியானது. காலரா, நம் தாத்தா காலத்து நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி. ஐந்து சென்ட், மூன்று சென்ட் மனைகளில் நம் குழிக்கும் நம் கிணற்றுக்கும் அந்த இடைவெளி இருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றை ஒட்டி வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கொதிக்கவைத்த நீரைக் குடிப்பது கேரளத்தின் நல்ல வழக்கம். சீரகமோ பதிமுகக் கட்டையோ போட்டுக் கொதிக்கவைத்து, ஸ்டீல் ஜக்கில் வைப்பார்கள். பிழை அதற்குப் பிறகு நடக்கிறது. சூடு ஆறவில்லையென்று பாதி ஜக்கு பச்சைத்தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியிலும் சாயாக்கடையிலும் இது சர்வ சாதாரணம். இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்து நாமும் நம்பிக் குடிக்கிறோம். பதிமுகம் நிறம்தான் கொடுக்கும். கிருமியைக் கொல்வது கொதிதான். மஞ்சள்காமாலை பரவும்போதெல்லாம் சுகாதாரத் துறை இப்படிக் கலப்பது குறித்து எச்சரிக்கிறது.

இதை வைத்துப் பழஞ்சியையும் பாருங்கள். இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் மோரும் உள்ளியும் காந்தாரியும் சேர்த்துக் குடிப்பது நல்ல உணவு, எனக்குப் பிடித்த உணவும்கூட. புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வயிற்றுக்கு நண்பர்கள்தான். ஆனால் ஊற்றியது கொதித்தாறிய நீரா, கிணற்றுப் பச்சைத்தண்ணீரா? மத்தியானச் சோறு சாயங்காலம் வரை திறந்தே கிடந்து, அதற்குப் பிறகு நீர் ஊற்றப்பட்டதா? பழமை என்ற பெயர் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. மரச்சீனியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புரியும். கிழங்கில் உள்ள சயனைடு நச்சு அந்த நீரோடு போகிறது. கூடவே மீன்கறி இருப்பதும் வெறும் ருசிக்காக அல்ல. மிச்ச நச்சை உடல் முறிக்கப் புரதம் வேண்டும். பக்குவம்தான் கிழங்கை உணவாக்குகிறது.

இன்றைய வயிற்றுக்குப் புதிய கேடுகள் இல்லாமல் இல்லை. பத்து மணிக்குமேல் புரோட்டாவும் பீஃபும் தின்றுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறத்தான் செய்யும்; படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பதுதான் மருந்து. பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் தடை செய்தன. எல்லை ஊரான களியக்காவிளையின் இரு பக்கமும் ஒரே தடை வந்த அபூர்வ விஷயம் இது.

எனக்கு மிகவும் கவலை தருவது மெடிக்கல் ஸ்டோர் கவுண்டர். "அண்ணாச்சி, ஒரு கேஸ் மாத்திரை தாருங்க" என்ற குரல் காலையிலிருந்தே கேட்கும். ரப்பர் வெட்டப் போகிறவர், கொத்தனார், முட்டுவலிக்காரப் பாட்டி எல்லாரும் வலி மாத்திரை வாங்குகிறார்கள். அது வயிற்றைப் புண்ணாக்க, அதற்கு இன்னொரு மாத்திரை. கேஸ் மாத்திரையாக விற்கும் பான்டப்ரசோல் நல்ல மருந்து. குறிப்பிட்ட நாட்களுக்கு, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு எடுக்க வேண்டியது. வருடக்கணக்கில் விழுங்கினால் பி12 சத்து குறையும். அதைவிட ஆபத்து, எரிச்சலை மட்டும் அடக்கி உள்ளே வளரும் நோயை அது மறைத்துவிடுவது. பைலோரி கிருமியென்றால் ஆன்டிபயாடிக்குகள் சேர்ந்த முழுச் சிகிச்சை வேண்டும். சோமர்வெல் காலத்தில் கத்தி தேவைப்பட்ட நோய்க்கு இன்று பெரும்பாலும் இரண்டு வார மாத்திரை போதும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் கிணற்று நீரை வாட்டர் அத்தாரிட்டி ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையிலோ ஓ.பி. சீட்டு எடுங்கள். அதுவரை கேஸ் மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள்.