எந்த ரேஸுக்கு எதிர்ப்பு?

மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் கருத்துக் கேட்டு வெளியிட்ட விதை மசோதா வரைவு, ரகப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. பல இடங்களில் பயிரிட்டுப் பார்த்த பிறகே பதிவு என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் வாடல் நோய்க்கு, மழையளவையும் மண் வகையையும் பார்த்து இடம் தேர்ந்தால் போதாது; அங்குள்ள ரேஸையும் பார்க்க வேண்டும்.

கொண்டைக்கடலை வாடலில் ஹவாரேயும் நேனேயும் 1982-ல் பிரித்துக் காட்டிய 1ஏ, 2, 3, 4 என்ற நான்கும் ஹைதராபாத், கான்பூர், குர்தாஸ்பூர், ஹிசார் ஐசோலேட்டுகள். இன்று ஒரே மாநிலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ரேஸ்கள் தென்படுகின்றன. விதைப் பையிலோ 'வாடல் எதிர்ப்பு' என்ற இரண்டே சொற்கள். வயலில் வேறு ரேஸ் இருந்தால் மூன்று, நான்கு வாரத்தில் செடி இலை உதிர்க்காமலே துவண்டு சாயும். தண்டைப் பிளந்தால் சைலத்தில் கரும்பழுப்புக் கோடு. விவசாயி கடைக்காரரிடம் போலி விதை என்று சண்டைக்குப் போவார். ரகத்தின் மேல் பழி விழும்.

சரி, ரேஸ் எண்ணைப் பையில் அச்சிட்டால் தீருமா? டபிள்யூ.ஆர். 315-ஐ எடுத்துக்கொள்வோம். பாடநூல்களில் வழங்கிவரும் டிஃபரென்ஷியல் அட்டவணைப்படி அது ரேஸ் 3-க்கு இலக்காகும் ரகம். 2004-ல் ரேஸ் 3 எதிர்ப்பு ஜீனை மேப்பிங் செய்தபோது எதிர்ப்புப் பெற்றோராக நின்றதும் அதே ரகம்தான். விதை மாறியதா, ஐசோலேட் மாறியதா? இரு சோதனைகளின் ஐசோலேட்டுகளையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைத்துப் பார்த்தால்தானே சொல்ல முடியும்?

அந்த ஐசோலேட்டுகள் எங்கே என்பதுதான் நாம் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி. முனைவர் பட்ட ஆய்வு முடிந்ததும் ஸ்லான்ட்டுகள் துறையின் குளிர்பெட்டியில் அடித்தட்டுக்குப் போகின்றன. ஸ்பிரிட் பட்டு மார்க்கர் எழுத்து அழிகிறது. யாராவது பொறுப்பெடுத்து மீண்டும் மீண்டும் பி.டி.ஏ.-வில் மாற்றி வளர்த்தாலும் நோயுண்டாக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். மிஞ்சுவது டென்ட்ரோகிராம். அதுவும் பெரும்பாலும் ரேஸ்படி பிரியாமல் ஊர்ப்படி பிரிந்து நிற்கும்.

நிதி தரும் அமைப்புகளுக்கு இது தெரியாததல்ல. சீக்வென்சிங்குக்குக் கேட்டால் தாராளம். லையோஃபிலைசருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிரந்தரப் பணியிடத்துக்கும் கேட்டால் 'புதுமை இல்லை' என்று கோப்பு திரும்பும். பல்லுயிர்ச் சட்டம் 2002-ன் 39-ஆம் பிரிவு புதிய டாக்ஸனின் மாதிரியைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. ரேஸ் டாக்ஸன் அல்ல, ஆகவே கேட்பாரில்லை. பயிரைக் கொல்வதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் காக்கிற சட்டம்!

மசோதா சட்டமானாலும் விதிகள் பின்னால் எழுதப்படும். எதிர்ப்பைச் சொல்லிப் பதிவு கேட்கும் எந்த ரகமும், சோதனைக்குப் பயன்பட்ட ஐசோலேட்டின் களஞ்சிய எண்ணையும் இலக்கு ரகத்தில் கண்ட வாடல் சதவீதத்தையும் காட்ட வேண்டும் என்பதை அங்கே சேர்க்க வேண்டும். துவரையின் ஃபியூசேரியம் யூடத்துக்கும் இதுவே பொருந்தும். அடுத்த இதழ் முதல், களஞ்சிய எண் இல்லாத ரேஸ் கட்டுரைகளை நாமும் பரிசீலிக்க மாட்டோம்.