மலையில் உழைத்தவருக்கு மேற்படிப்பு: வணிகர்கள் முன்வருவார்களா?

ஆம்பூர், வாணியம்பாடி பகுதித் தோல் தொழிலில் தலைநரைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குரோம் முறை பரவுவதற்கு முன் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் கைகொடுத்தன. அந்தக் கடுக்காயில் ஒரு பங்கு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்தார் அல்லர்) காட்டில் அலைந்து பொறுக்கிச் சேர்த்தது அது. நம் வணிகம் தழைத்தது. அந்தப் பணத்தில் கல்விக்கூடங்கள் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லும், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-லும் தோன்றின. முன்னோர் செய்த அந்தத் தர்மத்தை யார் மறப்பார்? ஆனால் கடுக்காய் தந்த மலைக்கு நாம் திருப்பித் தந்தது என்ன?

மலையில் பள்ளிகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழங்குடியினர் நலத்துறையும் வனத்துறையும் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாகப் பழகிக் கற்றுக் கொடுக்கும் ஆட்கள்தாம் போதவில்லை. படிப்பை இடையில் விட்ட பையன் எங்கே போகிறான்? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகக் கூறி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தார்கள். அதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற இளம்பெண் ஏலகிரியில் பள்ளிப்படிப்பும் பின்னர் சட்டமும் படித்து, 2024-ல் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். இரண்டும் ஒரே மலையின் செய்திகள்தாம்.

இப்போது நம் வீட்டுப் பட்டதாரியைப் பாருங்கள். பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவன் மேலே படிக்க ஆசைப்படுகிறான், பணம் இல்லை. சிறுபான்மையினர் ஆய்வுப் படிப்புக்காக 2009-ல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய பெல்லோஷிப்பை, மற்றத் திட்டங்களோடு ஒத்திருக்கிறது என்று காரணம் சொல்லி 2022-ல் மத்திய அரசு நிறுத்தியது. இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம், போடத்தான் வேண்டும். தீர்மானத்தைக் காட்டினால் எந்தக் கல்லூரியில் கட்டணத்தைக் குறைப்பார்கள்?

மலையின் தேவையையும் நம் இளைஞனின் தேவையையும் ஒரே முடிச்சில் கட்ட வழி இருக்கிறது. அதை அமெரிக்கா செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்கா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1961-ல் அதிபர் கென்னடி 'பீஸ் கார்ப்ஸ்' என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். இலங்கைக்குப் போன அமைதிப்படை போன்றதன்று. ஆயுதமில்லாத இளைஞர்கள் ஏழை நாடுகளுக்குப் போய் 2 ஆண்டுகள் ஆசிரியராகவும் விவசாய, சுகாதார ஊழியராகவும் வேலை செய்வது. 1961 முதல் 1976 வரை இந்தியாவிலும் இருந்தார்கள். பனிப்போர்க் காலத்தில் நல்லபெயர் வாங்கும் கணக்கும் அதில் உண்டு; நாம் அறியாததல்ல. நமக்கு வேண்டியது அந்தத் தொண்டர்கள் ஊர் திரும்பிய பின் நடந்தது.

1985-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி ஒரு வேலை செய்தது. திரும்பி வந்த தொண்டர்களை முதுகலைப் படிப்பில் சேர்த்தது. படிக்கும்போதே ஆசிரியர் தட்டுப்பாடு நிறைந்த நகரப் பள்ளிகளில் பாடம் நடத்த வைத்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இந்த வழியில் வந்தன. பீஸ் கார்ப்ஸின் இயக்குநராக இருந்த பால் கவர்டெல் பெயரால் இது அழைக்கப்படுகிறது. கட்டணத்தில் சலுகையோ மாத உதவித்தொகையோ பல்கலைக்கழகம் தரும். மாணவர் படிப்போடு சேர்த்து அந்நாட்டின் பின்தங்கிய பகுதி ஒன்றில் பணியாற்ற வேண்டும். தொண்டு முடித்துப் பல ஆண்டுகள் ஆனவரும் விண்ணப்பிக்கலாம்.

அது தர்மமும் அல்ல, இனாமும் அல்ல. உழைத்ததற்கு ஒரு தகுதி, படிக்கும்போதும் உழைப்பு.

நம் நாட்டிலும் இதன் சாயல் வந்து போயிற்று. பிரதமர் ஊரக வளர்ச்சி பெல்லோஷிப்பில் 2012 முதல் மாவோயிஸ்ட் பாதிப்புள்ள மாவட்டங்களில் பணியாற்றிய இளைஞர்களுக்கு டாடா சமூக அறிவியல் நிறுவனம் எம்.ஏ. பட்டம் பெற வழி செய்தது. தமிழக அரசும் 2022-ல் முதலமைச்சரின் பெல்லோஷிப் திட்டத்தைத் தொடங்கியது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறது. அதன் முதல் அணிக்குத் தேர்வானவர்கள் வெறும் 30 பேர். அரசுத் துறைகளில் வேலை. காவலூரில் தொலைநோக்கி வைத்து விண்மீனை ஆராய்கிறவருக்கு ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, வேண்டியதுதான். அதே மலையில் இரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறவருக்கும் ஒரு வழி வேண்டாமா?

வணிகப் பெருமக்களே! ஆண்டுக்குப் பத்துப் பேர் போதும். இரண்டு ஆண்டுகள் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பகுதிப் பள்ளிகளில் தங்கிப் பணி. கைச்செலவுக்குச் சங்கம் பொறுப்பு. முடித்து வந்ததும் பி.எட்., எம்.ஏ., சமூகப்பணி எதுவானாலும் கட்டணத்தில் பாதி கல்லூரி குறைக்கட்டும், மீதியைச் சங்கம் கட்டட்டும். படிக்கும் காலத்தில் வாரம் ஒரு நாள் தோல் தொழிலாளர் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்த வேண்டும். பத்தில் ஐந்து இடம் மலையிலேயே பிறந்த பட்டதாரிக்கு என்பது நம் கருத்து. மலையின் பேச்சும் வழக்கமும் அவருக்குத்தான் தெரியும். வெளியூர்க்காரர் இறங்கிய பின்னும் அவர் அங்கே இருப்பார்.

"நம்ம பிள்ளைங்களுக்கே வழியில்ல, மலைக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்பவர் உண்டு. நம் பிள்ளைக்கு மேற்படிப்பு கிடைக்கத்தானே இந்த ஏற்பாடு? சான்றிதழுக்காக வருவான் என்பார் இன்னொருவர். வரட்டுமே! இரண்டு மழைக்காலம் மலையில் இருந்து காட்டட்டும். சான்றிதழ் மட்டும் வேண்டியவன் முதல் மழையிலேயே இறங்கிவிடுவான்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. போகிறவர் பாடம் நடத்தப் போகிறார். மதம் பேச அல்ல. இது விதிகளின் முதல் வரியாக இருக்க வேண்டும். இன்றைய சூழலில் பழி சுமத்தக் காத்திருப்பவர்களுக்கு நாமே வாய்ப்பளிக்கக் கூடாது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் மலை விரிந்து கிடக்கிறது. அந்தந்த ஆட்சியர் அனுமதியும் நலத்துறையின் ஒப்புதலும் எழுத்தில் பெற்ற பிறகே ஆள் அனுப்ப வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்களில் அமர்ந்திருப்பவர்களும் வணிகர்கள்தாம். சங்கத்தில் இருப்பவர்களும் அவர்களே. ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தபால் செலவுகூட ஆகாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஜூன் சேர்க்கைக்கு முன் முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.