இளைப்பு நின்றால் நோய் நின்றதா?

"டாக்டரம்மா, பொண்ணுக்கு இப்ப இளைப்பே இல்லை. நல்லா ஓடியாடுறா. அதான் இன்ஹேலரை நிறுத்திட்டேன். பழக்கமாயிடும்னு மாமியாரும் சொன்னாங்க" என்றாள் ஒரு தாய். மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினேன். கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து நடுஇரவில், மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள் சிறுமி. அந்தத் தாயைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்துமா வந்து வந்து போகிற நோய் என்றுதானே பலரும் நினைக்கிறோம்?

வந்து போவது இளைப்பு மட்டும்தான், சகோதரிகளே! நோய், நீறு பூத்த நெருப்பாக மூச்சுக் குழல்களின் சுவரிலேயே இருக்கிறது.

நெருப்பை மூட்டுவது யார்? நம்மைக் காக்க வேண்டிய அணுக்களேதான்! வீட்டுத் தூசியையோ கரப்பான்பூச்சியின் கழிவையோ பகை என்று தப்பாக எண்ணி, 'டி' அணுக்கள் ஆள் கூப்பிடுகின்றன. 1879-ல் பால் எர்லிக் கண்டறிந்த இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. புழுக்களை எதிர்க்க அவை வைத்திருக்கும் நச்சுப்பொருள், குழலின் மெல்லிய உள்தோலையே புண்ணாக்கிவிடுகிறது.

புண்ணை உடம்பு ஆற்றப் பார்க்கும். ஆறுவதற்குள் மறுபடி புண். ஆட்டுக்கல்லில் ஆட்டி ஆட்டி உள்ளங்கை காய்த்துப்போகிறதே, அதுபோல் சுவரும் தடிக்கிறது. உள்தோலுக்கு அடியில் நார்ப்பொருள் படிகிறது, தசை பருக்கிறது, சளி சுரக்கும் அணுக்கள் பெருகுகின்றன. காற்றுப் போகும் வழி குறுகுகிறது. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்த ஹூபரும் கெஸ்லரும் 1922-லேயே இந்தத் தடிப்பை எழுதி வைத்தார்கள். குழந்தைகளிடமும் இது காணப்படுவது பின்னால் தெரிந்தது.

தடித்த சுவரைப் பழையபடி ஆக்குவது கஷ்டம். நெருப்பைத் தணித்து வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. உடனே ஆறுதல் தரும் இன்ஹேலர் தசையை இளக்கும், நெருப்பை அணைக்காது. அதைத் தணிப்பது தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். 1972 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அளவு மைக்ரோகிராம் கணக்குத்தான். போதைபோல் பழக்கமாகாது. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மட்டும் டாக்டரைக் கேட்டே நடக்கட்டும்.

இப்போது அந்த வீட்டில் இன்ஹேலர் இருப்பது பிரஷ்ஷுக்குப் பக்கத்தில். இழுத்துவிட்டுப் பல் தேய்த்து வாய் கொப்பளித்தால் மறதியும் இல்லை, வாய்ப்புண்ணும் வராது. யோசனை சொன்னது யார் தெரியுமா? அந்த மாமியார்தான்!