அடைமொழியில் ஊட்டச்சத்து இல்லை

உணவு குறித்து எழுதப்படும் கட்டுரைகளில் 'ஜப்பானிய' என்ற அடைமொழி வந்துவிட்டால் போதும், அதன்பின் எவரும் கணக்குக் கேட்பதில்லை. கராகே எனப்படும் ஜப்பானியப் பொரித்த கோழிக்கும் இச்சலுகை கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் பொரித்த கோழி உடலுக்குக் கேடாம். கராகே மட்டும் நீண்ட ஆயுள் கொண்ட மக்களின் எளிய உணவாம். இந்தப் பசப்பை நாம் ஏற்பதற்கில்லை.

கராகே என்பதுதான் என்ன? கோழித் தொடைக்கறியைப் பெரும்பாலும் தோலோடு துண்டுகளாக்கி, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, சாக்கே மது ஆகியவற்றில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு மாவிலோ கோதுமை மாவிலோ புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் பொரித்தெடுப்பது. ஜப்பானிய அரசின் உணவுச்சத்து அட்டவணைப்படி, இதில் 100 கிராமுக்குச் சுமார் 300 கிலோகலோரி, 24 கிராம் புரதம், 18 கிராம் கொழுப்பு, 2.5 கிராம் உப்பு.

புரதம் நிறைவாகவே இருக்கிறது; அதை நாம் மறுக்கவில்லை. எண்ணெயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமன்று. தோலோடு கூடிய பச்சைத் தொடைக்கறியிலேயே 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் கொழுப்பு உண்டு. தோலை உரித்துவிட்டால் கொழுப்பு வெகுவாகக் குறையும். ஆனால் சோயா சாஸின் உப்பு குறையாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் விதிக்கும் வரம்பு 5 கிராம். அதில் பாதி, நாலைந்து சிறு துண்டுகளிலேயே தீர்ந்துவிடுகிறது. கூடவே வரும் மிசோ சூப்பும் ஊறுகாயும் தனிக்கணக்கு.

நீண்ட ஆயுளைச் சாட்சிக்கு அழைப்போர் ஜப்பானின் வரலாற்றையும் படிக்கட்டும். 1951 முதல் 1980 வரை அந்நாட்டில் மரணத்தின் முதற்காரணம் பக்கவாதம். உப்பு மிகுந்த உணவை உண்டுவந்த அகிதா போன்ற வடகிழக்குப் பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. ரத்த அழுத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் ஊர்தோறும் நடந்த உப்புக் குறைப்புப் பிரச்சாரமும் சேர்ந்தே அந்நிலையை மாற்றின. அதாவது, ஜப்பானியர் ஆயுளை நீட்டித்துக்கொண்டது தம் பழைய சமையலைக் கேள்வி கேட்டதனாலும்தான். அவர்களே கேட்ட கேள்வியை நாம் கேட்கக் கூடாதென்பது என்ன நியாயம்?

கராகேயை உண்ண வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சுவையான பண்டம், சுவைக்காகவே உண்ணலாம். அதை மருந்தென்று எழுதுவதைத்தான் எதிர்க்கிறோம். ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் அதை நம்பித் தட்டை நிரப்பிக்கொண்டால், அடைமொழி அவரைக் காப்பாற்றப் போவதில்லை.