மெய்விவாகமும் ஜாதிக் கேள்வியும்

கிறிஸ்தவ விவாகம் வியாபார ஒப்பந்தம் அன்று. குலத்தைக் காக்கும் வேலியும் அன்று. கத்தோலிக்கத் திருச்சபை அதனை ஏழு தேவதிரவிய அநுமானங்களுள் ஒன்றாக வைத்து, மெய்விவாகம் எனப் பெயரிட்டு வழங்கி வந்திருக்கின்றது. புரொட்டஸ்டாண்டு சபையார் அதனை அநுமானமாகக் கொள்ளாவிடினும், தேவ சந்நிதியிற் செய்யும் பரிசுத்த உடன்படிக்கை என்றே போதிக்கின்றனர். இங்ஙனமிருக்க, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் கிறிஸ்தவ சகோதரருள் சிலர், பெண் தேடப் புறப்படும்பொழுது முதற்கண் வினவுவது யாது? பெண்ணின் பக்தியையோ குணத்தையோ அன்று, ஜாதியை. அடுத்து வினவுவது எத்தனை பவுன் போடுவார்கள் என்பதை. இவ்விரண்டிற்கும் விடை கிடைத்த பின்னரே கோவிலுக்குச் செல்கின்றனர். இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு வரைந்த நிருபத்தில், கணவன் மனைவியரின் ஐக்கியத்தைக் கிறிஸ்து நாதருக்கும் திருச்சபைக்கும் உள்ள ஐக்கியத்தோடு ஒப்பிடுகின்றார். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துள்ள ஆடவர் பலர். அதற்கு முன்னரே, ஒருவர்க்கொருவர் பணிந்து நடக்குமாறு இருபாலார்க்கும் கட்டளை இருப்பதையும், கிறிஸ்து தம்மையே கையளித்ததுபோலக் கணவன் அன்பு செய்ய வேண்டும் என்று பின்னர்க் கூறுவதையும் அவர்கள் காண்பதில்லை. தம்மையே கொடுத்தவரின் சாயலாக நிற்கவேண்டிய மணமகன், சீதனம் வாங்கக் கையேந்தி நிற்பது எத்துணை இழிவு! யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதம் கிறிஸ்துவினிடத்தில் இல்லையென்று கலாத்தியருக்கு எழுதியவரும் அந்தச் சின்னப்பரே.

திருச்சபையின் சட்டத்தையேனும் இவர்கள் மதிக்கின்றனரா? விவாகத்திற்குத் தடையுண்டா என்று ஊரறிய விசாரிக்கும் ஓலை வாசிப்பு, 1215-ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் எங்கும் விதித்தது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு பன்னிரண்டு தடைகளை எண்ணிக் கூறுகின்றது. இளவயது, முந்திய விவாகக் கட்டு, குருத்துவம், நெருங்கிய இரத்த உறவு முதலியன அவை. ஜாதி அவற்றுள் இல்லை. சீதனக் குறைவும் இல்லை. மாறாக, அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் விவாகத்தையே செல்லாததாக்கும் என்று அத்தொகுப்பு கூறுகின்றது. பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகள் செய்துகொண்ட விவாகம் செல்லாது என்று வாதித்தோரைத் திரிதெந்தீன் சங்கம் 1563-இலேயே கண்டித்தது. இலத்தீன் முறைப்படி அநுமானத்தை நிறைவேற்றுவோர் மணமக்களே. குருவானவர் சபையின் பெயரால் அவர்தம் சம்மதத்தைக் கேட்டு ஏற்பவர். அழுது மிரட்டி மகளின் சம்மதத்தைப் பறிக்கும் பெற்றோர், அநுமானத்தின் வேரிலேயே கைவைக்கின்றனர்.

இது முன்னோர் வழக்கம் என்பர் சிலர். மெய்தான். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் ஜாதி வழக்கங்களுக்கு இடங்கொடுத்தே மறை பரப்பினார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி பேதம் ஒழிக என ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் கிறிஸ்தவர்களே எதிர்த்தெழுந்தனர். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கோவிலினுள்ளே ஜாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. முன்னோர் எழுப்பிய சுவரை முன்னோரே இடித்தனர். அவர்தம் வழி நடப்போம் என்பவர், இடித்தவர் வழியை ஏன் பின்பற்றலாகாது? கடல் கடந்து வந்து, ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே ரப்பர்க் காட்டில் மழையிலும் வெயிலிலும் உழைத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு ஜாதி எதற்கு?

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. அச்சிறு சபையில் போதகர் பெற்றோரே. மாலையில் செபமாலை சொல்லிக் கடவுள் எல்லார்க்கும் தந்தையென்று கற்பிக்கும் தாய், இரவுணவின்போது அடுத்த வீட்டாரை ஜாதி சொல்லி இகழ்வாளாயின், குழந்தை எதை நம்பும்? செபத்தையன்று, இகழ்ச்சியையே நம்பும்.

ஆதலின், குருமாரே! மணம் பேச வருவோரிடம், ஜாதிக்காக எவரையேனும் தள்ளினீரா, சீதனம் பேசினீரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாலிபர்களே! உங்கள் பெயரால் விலை பேசப்படும்போது வாய்மூடி இருப்பது கீழ்ப்படிதலன்று, உடந்தை. பெற்றோரே! ஞானஸ்நானத் தண்ணீர் உங்கள் நெற்றியில் மட்டும் விழுந்ததா, நெஞ்சிலும் விழுந்ததா என்பதை உங்கள் வீட்டுக் கலியாணமே உலகிற்குக் காட்டும்.