யார் நுழைந்த வாசல்?

மதுரையிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் போனால் காரைக்குடி. சுற்றிலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று நகரத்தார் ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940கள் வரை பர்மா, மலேயா, இலங்கை வட்டித்தொழிலின் பணத்தில் எழுந்த வீடுகள் அங்கே இருக்கின்றன. பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு இருக்கிறது. பல வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைபோயின. சில வீடுகள் புதுப்பிக்கப்பட்டு விடுதிகளாகிவிட்டன.

புதுப்பிப்பதை எதிர்த்து இதை எழுதவில்லை, தோழர்களே. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணக் கலவை ஊற்றி ஆத்தங்குடி கல் செய்கிற தொழிலாளிக்கு அது சோறு. சித்திரை வெயிலில் சுண்ணாம்புச் சுவருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்கள் கான்கிரீட்டைப் புகழமாட்டார்கள். கேள்வி, 'நம் பாரம்பரியம்' என்கிறார்களே, அந்த 'நம்' பற்றியது.

1930 டிசம்பர். இந்த வளவுகளில் விளக்கெரிந்துகொண்டிருந்த அதே காலம், அதே இராமநாதபுரம் மாவட்டம். ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்கம், வெள்ளி அணியக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். தடை போட்டவர்கள் கள்ளர்கள், நகரத்தார் அல்ல. ஆனால் ஒரு வீட்டில் பித்தளை அண்டாவும் வெளிநாட்டுப் பீங்கானும் அடுக்கிக் கிடக்க, கூப்பிடு தூரத்துக் குடிசையில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தாலே அடி என்பதுதான் அந்த மண்ணின் முழுக் கதை. விடுதிகள் அந்த அண்டாவை மட்டும் துலக்கி வைத்திருக்கின்றன.

திண்ணை பற்றியும் உருகுகிறார்கள், வழிப்போக்கர்கள் எல்லோரும் படுத்துறங்கலாமாம். எந்த வழிப்போக்கர்? பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசல், பின்வாசல் என்பது வெறும் காற்றோட்டக் கணக்கா?

"பழசை மாற்றக்கூடாது, அதன் அழகே போய்விடும்" என்பார்கள். அறைக்கு அறை கழிவறை கட்டியபோது, ஏசி பொருத்தியபோது, கொல்லையில் நீச்சல்குளம் வெட்டியபோது எந்த அழகு போனது? உடம்பின் வசதிக்கு வளைகிற கட்டடம் உண்மைக்கு மட்டும் வளையாதாம்.

சுவர் என்றால் மதுரை மாவட்டத்து உத்தபுரத்தையும் சொல்லியாக வேண்டும். 1989இல் தலித் மக்களைப் பிரித்து எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்தது. அதை எதிர்த்து ஆதிக்கச் சாதியினர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அந்தச் சுவருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

பாரம்பரியம் என்ற பேரில் அரசுப் பணமோ சுற்றுலாச் சலுகையோ வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகை வேண்டும். தேக்கு எங்கிருந்து வந்தது என்பதோடு, சுண்ணாம்பு அரைத்தவர், பாத்திரம் கழுவியவர், குப்பை அள்ளியவர் யார், எந்த வாசல் வழியாக, எதுவரை வர முடிந்தது என்பதும் அதில் இருக்கட்டும். எழுதும் குழுவில் அந்த ஊர்ச் சேரியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். பலகையை முன்வாசலில் மாட்டட்டும்.